எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சர்க்கரைக்கு?

தூத்துக்குடியில் ஒரு பிரசவ வார்டு வாசல். அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா, எந்தத் தெரு என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. எங்கே போய் நின்றாலும் பார்க்கக் கிடைக்கிற காட்சிதான். தாய் இன்னும் தியேட்டரை விட்டு வெளியே வரவில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் ஆச்சி. எடை 2 கிலோ 100 கிராம். நர்ஸ் சொல்லிவிட்டுப் போயாச்சு, ரிஜிஸ்டரிலும் ஏற்றியாச்சு.

"தொண்ட காஞ்சு கெடக்கும்லா மைனி, பிள்ளைக்கு வாய நனைச்சு உடுங்க" என்கிறார் பக்கத்தில் இருக்கும் சொந்தக்கார அம்மா. டம்ளரில் கரைத்த கருப்பட்டித் தண்ணி தயாராக இருக்கிறது. யார் கையால் சேனை வைப்பது என்று ஒரு சின்ன விவாதம். வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆகவே குடும்பத்திலேயே நல்ல பேர் எடுத்த ஒருவரைத் தேடுகிறார்கள் (கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான்!). விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்ததும் பிள்ளை லேசாகச் சப்புக் கொட்டிவிட்டுத் தூங்கிப் போகிறது.

"பாத்தியளா, என்ன சமத்து! அழவே மாட்டேங்கு."

அந்த "அழவே மாட்டேங்கு"வில்தான் விஷயம் இருக்கிறது.

சர்க்கரை வியாதி என்றால் சர்க்கரை கூடுவது என்றுதான் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். டீக்கடையில் "சீனி கம்மியா" என்று சொல்லாத பெரியவரைப் பார்ப்பதே அபூர்வம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தும் உயிர் போகும், உயிர் போகாவிட்டால் மூளை போகும் என்பது பலர் காதில் விழுந்ததே இல்லை. அதுவும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைக்கு, எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு, அது நடக்கும் என்று சொன்னால், "பச்சப் பிள்ளைக்கு எங்க இருந்து சுகர்?" என்று சிரிக்கிறார்கள்.

எங்கிருந்து என்றால், தொப்புள்கொடியிலிருந்து. வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளைக்குத் தாயின் ரத்தச் சர்க்கரை இருபத்துநாலு மணி நேரமும் வந்துகொண்டே இருக்கும். கொடியை வெட்டிய நொடியில் சப்ளை கட். முத்துக் குளிக்க மூழ்கினவர் மாதிரிதான் பிள்ளையின் நிலைமை. உள்ளே இழுத்து வைத்த மூச்சு தீர்வதற்குள் மேலே வந்தாக வேண்டும். பிள்ளை இழுத்து வைத்திருக்கும் மூச்சு என்பது ஈரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன். நல்ல எடையுள்ள, மாதம் நிறைந்த பிள்ளைக்கு இந்த இருப்பு போதுமானது. பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, தானாகவே மேலே ஏறிவிடும்.

எடை குறைந்த பிள்ளைக்கு அந்த இருப்பே கிடையாது. கிளைக்கோஜனும் கொழுப்பும் பெரும்பாலும் சேருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில். முன்கூட்டியே பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. மாதம் நிறைந்தும் மெலிந்து பிறந்த பிள்ளைக்குக் காலம் கிடைத்தும் சரக்கு வந்து சேரவில்லை. தாய்க்கு ரத்தசோகை, ரத்த அழுத்தம், அடுத்தடுத்த பிரசவம், உப்பளத்தில் வெயிலில் நின்று வாரி வாரிச் சுமந்த மாதங்கள் என்று அதற்குக் காரணங்கள் பல. இதில் இன்னொரு கொடுமை, உடம்பு சிறுத்தாலும் தலை அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. அதாவது வருமானம் குறைவு, ஆனால் சாப்பிடுகிற பெரிய வாய் அப்படியே இருக்கிறது. பிறந்த பிள்ளையின் மூளை சர்க்கரையை அப்படித் தின்னும். போதாக்குறைக்குக் குளிர். ஈரம் துடைக்காமல், ஏசி தியேட்டரில் ஐந்து நிமிஷம் கிடத்தினால் போதும், உடம்பைச் சூடாக்கவே கையிருப்பு எல்லாம் செலவாகிவிடும்.

அப்புறம் என்ன ஆகும்? சில பிள்ளைகளுக்குக் கை கால் நடுங்கும், அழுகை ஈனஸ்வரத்தில் இருக்கும், பால் இழுக்காது, மூச்சு நின்று நின்று வரும், வலிப்பு வரும். பல பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாது. சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். சமத்தாக!

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா என்றால் இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1959-இல், அமெரிக்க மருத்துவர் மார்வின் கார்ன்பிளாத் இதை எழுதிவிட்டார். கர்ப்பகால ரத்த அழுத்த நோய் உள்ள தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளில் சர்க்கரை இறங்கி, வலிப்பு, நடுக்கம் எல்லாம் வருவதை விவரித்திருந்தார். 1988-இல் இங்கிலாந்தில் ஆலன் லூகாஸ் குழு குறைமாதத்தில் பிறந்த 661 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, பல நாள் சர்க்கரை குறைந்து கிடந்த பிள்ளைகள் ஒன்றரை வயதில் வளர்ச்சியில் பின்தங்கியதாகச் சொன்னது. 2009-இல் மும்பைக் குழந்தை நரம்பியல் மருத்துவர் விராஜேஷ் உதானி குழு 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும். கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்குகிற வலிப்பு நோய்க்கு, பிறந்த புதிதில் சர்க்கரை குறைந்ததால் வந்த மூளைச் சேதம் ஒரு பொதுவான காரணம். அபூர்வமான காரணம் என்று அவர்கள் எழுதவில்லை. சேதம் பெரும்பாலும் மூளையின் பின்பகுதியில், பார்வையைக் கவனிக்கிற இடத்தில்.

ஆறு மாதம் கழித்து அதே ஆச்சி, "பிள்ள மொகத்த பாத்து சிரிக்க மாட்டேங்கு" என்று சொல்லும்போது, அன்றைக்கு வார்டு வாசலில் நடந்ததை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கோவிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள், தர்காவில் மந்திரிக்கிறார்கள், பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பரம்பரை, ஜாதகம், கிரகணத்தன்று வெளியே வந்தது என்று மருமகள் தலையில் ஏதாவது ஒன்று விழுகிறது. ரத்தத்தில் சர்க்கரை எத்தனை இருந்தது என்று கேட்டால், பார்க்கவே இல்லை. பார்க்காததால் குற்றவாளியும் இல்லை. என்ன வசதி பாருங்கள்!

சரி, இந்த இடத்தில் வழக்கமாக என்ன எழுதுவார்கள்? "மூடநம்பிக்கை ஒழிக, சேனை வைக்காதீர், விழிப்புணர்வு தேவை" என்று எழுதி, பாட்டியைக் கூண்டில் ஏற்றிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் போஸ்டரும் அதையேதான் சொல்கிறது. சேனை தப்புதான், அதில் சந்தேகம் இல்லை. கொதிக்க வைக்காத தண்ணியில், கழுவாத விரலில், கிருமியைத் தவிரப் பெரிதாக எதுவும் உள்ளே போகாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இந்தியாவே மூக்கில் விரல் வைக்கிற சாதனை. அதே கணக்கெடுப்பில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பேர்தான். மிச்சம் 40 பேர் எங்கே இருந்தார்கள்? காட்டிலா, கடலிலா? ஆஸ்பத்திரிக்குள்ளேதான். டாக்டர், நர்ஸ், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிற அதே கட்டிடத்துக்குள்தான். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை ஆச்சி மடிக்கு வந்தது எப்படி? தாயிடம் யாரும் கொண்டுபோய்க் கொடுக்காததால் வந்தது. ஆச்சி கருப்பட்டித் தண்ணியைத் தேடுவது பாலுக்கு வழி இல்லை என்று அவரை நம்ப வைத்த பிறகு.

அதே கணக்கெடுப்பு சொல்லும் இன்னொரு எண்: தமிழ்நாட்டுப் பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன். சிசேரியன் என்றால் முதுகில் ஊசி, தாய் பெரும்பாலும் விழித்தேதான் இருக்கிறாள். டேபிளில் படுத்திருக்கும்போதே பிள்ளையை மார்பில் போடலாம். எத்தனையோ இடங்களில் செய்கிறார்கள். செய்யாத இடங்களில் காரணம் கேட்டால், "தையல் போட்டு முடியட்டும்", "வார்டுக்கு மாத்தட்டும்", "அம்மாவுக்கு இன்னும் பால் ஊறல" என்று மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். பால் ஊறவில்லை என்று முதல் மணி நேரத்திலேயே தீர்ப்புச் சொன்ன கையோடு டின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தைப் பால் மாவு விளம்பரத்தையும் இலவச சாம்பிளையும் தடுக்கிற சட்டம் 1992-லேயே வந்து, 2003-இல் இன்னும் இறுக்கப்பட்டது என்பதை அவர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது? ஆச்சியை விடுங்கள், படிக்காதவர். இவர்கள் படித்தவர்கள்.

ஆனால் உண்மையான கோபம் வரவேண்டிய இடம் இதைவிட இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது.

சர்க்கரை பார்ப்பதில் இந்தியாவுக்கே பாடம் எடுத்த மாநிலம் தமிழ்நாடு. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது இங்கேதான், 2007-வாக்கில். சென்னை மருத்துவர் வி. சேஷையா வகுத்துக் கொடுத்த எளிய முறை: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில் கரைத்துக் குடிக்க வை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடு, 140-ஐத் தொட்டால் கவனி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குமட்டிக்கொண்டே அந்தத் தண்ணியைக் குடித்த பெண்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்புறம் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. வீட்டு வாசலிலேயே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். தெரேஸ்புரத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் தாத்தாவின் விரலைக் குத்த ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறார். நல்ல காரியம், ஆயிரம் தடவை பாராட்டலாம்.

ஆக, குளுக்கோமீட்டர் இருக்கிறது. ஸ்டிரிப் இருக்கிறது. குத்தத் தெரிந்த கைகள் இருக்கின்றன. தாயின் சர்க்கரைக்கு ரிஜிஸ்டர் உண்டு, தாத்தாவின் சர்க்கரைக்கு ரிஜிஸ்டர் உண்டு. பிறப்பைப் பதிவு செய்கிற படிவத்தில் பிள்ளையின் எடைக்கும் ஒரு கட்டம் உண்டு. 2 கிலோ 100 என்று எழுதுகிற அதே கை, அந்த எடையினால் என்ன ஆபத்து வரும் என்று தெரிந்த அதே கை, குதிகாலில் ஒரு துளி எடுத்துப் பார்க்காமலேயே அடுத்த பெட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. சிறப்புப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சேர்த்த பிள்ளைக்குப் பார்க்கிறார்கள், உண்மை. பிரச்சினை அங்கே சேர்க்கப்படாத பிள்ளைக்குத்தான். 1800 கிராம் பிள்ளை உள்ளே போய்விடும். 2100, 2300 கிராம் பிள்ளை "ஆக்டிவா இருக்கு" என்று தாயோடு, அல்லது ஆச்சியோடு, வார்டிலேயே கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2500 கிராமுக்குக் கீழே இருந்தாலே எடை குறைவு. இந்தியாவில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே.

எத்தனை தடவை பார்க்க வேண்டும்? இந்தியப் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் பின்பற்றுகிற அட்டவணையே இருக்கிறது. ஆபத்துள்ள பிள்ளைக்குப் பிறந்த 2, 6, 12, 24, 48, 72-ஆவது மணி நேரங்களில். ஆறு துளி ரத்தம், ஆறு ஸ்டிரிப். ஒரு ஸ்டிரிப் இருபது, இருபத்தைந்து ரூபாய். ஆக மொத்தம் நூற்றைம்பது ரூபாய். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வார்டு முழுக்கக் கொடுக்கிற ஒரு கிலோ மக்ரூன் காசில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மூன்று நாளும் சர்க்கரை பார்த்துவிடலாம். குறைந்திருந்தால் வைத்தியமும் ஆகாயத்தில் இல்லை. அறிகுறி இல்லாத பிள்ளைக்கு முதலில் பால், பிறகு மறுபடியும் ஒரு துளி. வலிப்பு, நடுக்கம் என்று இருந்தால் நரம்பில் பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 மில்லி. இரண்டு கிலோ பிள்ளைக்கு மொத்தம் 4 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக டிரிப். பாட்டில் விலை ஒரு பிளேட் பிரியாணிக்கு வராது. எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? வாழ்நாள் முழுக்க வலிப்பு மாத்திரை, பிசியோதெரபி, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்காரும் தாய், பள்ளிக்கூடம் போகாத ஒரு பிள்ளை. பி.காம். முதல் வருஷம் படிக்கிற பையன்கூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் நூற்றைம்பது ரூபாய் ஆஸ்பத்திரி செலவில் வருகிறது, வாழ்நாள் செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது. இரண்டும் வேறு வேறு நோட்டில் இருப்பதால்தான் இந்தக் கணக்கு டேலியே ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வருகிற மறுப்புகளையும் பார்த்துவிடலாம்.

"நாங்கெல்லாம் சீனித் தண்ணி குடிச்சு வளரலையா?" இது எப்போதும் முதலில் வரும். வளர்ந்தவர்தான் இதைக் கேட்க முடியும். மூழ்கி மேலே வராத முத்துக்குளிக்காரர் கரைக்கு வந்து "கடலுக்குள்ள ஒண்ணுமே ஆகாது" என்று சொல்லமாட்டார். அந்தக் காலத்தில் பத்துப் பெற்று ஆறு பிழைத்த வீடுகளில், போன நாலு எதனால் போனது என்று யார் எழுதி வைத்தார்கள்?

இன்னொரு கேள்வி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. சர்க்கரை குறைகிறது என்றால் சீனித் தண்ணியே கொடுத்துவிடலாமே, ஆச்சி செய்தது சரிதானே? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விரல் நுனியில் ஒட்டுகிற சர்க்கரை எதற்கும் காணாது. கிண்ணம் நிறையக் கொடுத்தாலோ, முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில மில்லி மட்டுமே குடிக்கிற வயிறு வெறும் இனிப்புத் தண்ணியால் ரொம்பிவிடும். பிள்ளை சப்ப மறுக்கும், சப்பாவிட்டால் தாய்க்குப் பால் ஊறுவது தள்ளிப்போகும். சர்க்கரை விறுவிறுவென்று ஏறிவிட்டு, இன்சுலின் சுரந்து, மறுபடி இறங்கும். பாலில் இருக்கிற கொழுப்பும் புரதமும் அதில் இல்லை. சர்க்கரை போதாத நேரத்தில் மூளைக்கு மாற்று எரிபொருளாகிற கீட்டோன் அந்தக் கொழுப்பிலிருந்துதான் வரவேண்டும். சீம்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித் தண்ணி கொடுப்பது, அரிசியை ஆற்றில் கொட்டிவிட்டுக் கஞ்சித் தண்ணிக்கு வரிசையில் நிற்பது மாதிரி.

நியூசிலாந்தில் ஹாமில்டன் நகர வைக்காட்டோ மருத்துவமனையில் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துப் பார்த்தார்கள். ஜேன் ஹார்டிங் குழுவின் ஆய்வு, 2013-இல் 'லான்செட்' இதழில் வந்தது. நன்றாகவே வேலை செய்தது. உடனே "பாத்தீங்களா, வெள்ளைக்காரனும் சேனை வைக்கிறான்" என்று வாட்சப்பில் சுற்றவிட ஆள் கிளம்பிவிடும் :-) கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று எடை பார்த்து, சுத்தமாகத் தயாரித்த மருந்து அது. சர்க்கரையை அளந்து குறைவு என்று தெரிந்த பிறகு கொடுத்து, உடனே தாயிடம் பால் குடிக்கவிட்டு, மறுபடி அளந்தார்கள். அளவு இல்லாத இடத்தில் அது வெறும் இனிப்பு. அதே மருத்துவமனையில் ஆபத்துள்ளவர்கள் என்று பிரித்த 514 பிள்ளைகளை முறையாகப் பரிசோதித்தபோது பாதிப் பேருக்குச் சர்க்கரை 47-க்குக் கீழே இருந்தது. அளந்ததால் தெரிந்தது.

மருத்துவர்கள் பக்கமிருந்து வருகிற மறுப்பு மரியாதையாகக் கேட்க வேண்டியது. எது "குறைவு" என்பதிலேயே உலகத்தில் ஒத்த கருத்து இல்லை. 40 என்பார் ஒருவர், 45 என்பார் இன்னொருவர், 47 என்பார் மூன்றாமவர். லூகாஸ் சொன்னதைப் பின்னால் வந்த எல்லா ஆய்வும் ஒத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2020-இல், ஆபத்துள்ள ஆனால் மற்றபடி நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு 36-க்குக் கீழே போனால் மட்டும் வைத்தியம் பார்த்தாலும் ஒன்றரை வயது வளர்ச்சியில் 47 அளவுக்குக் குறைவில்லை என்று காட்டியது. குளுக்கோமீட்டரும் இவ்வளவு கீழே இறங்கினால் துல்லியம் தப்பும், லேபில் உறுதி செய்ய வேண்டும். ஆரோக்கியமான, எடையுள்ள பிள்ளைக்கெல்லாம் குத்திப் பார்ப்பதும் வேண்டாத வேலை, தாயைப் பயமுறுத்தி டின் பாலுக்குத் தள்ளிவிடும். எல்லாமே சரி. ஆனால் அங்கே சண்டை 36-ஆ 47-ஆ என்று. நெதர்லாந்தில் அந்த 36-ஐக் கண்டுபிடிக்கவும் அளந்துதான் பார்த்தார்கள். இங்கே வார்டில் கிடக்கும் பிள்ளைக்கு 15 இருந்தாலும் 50 இருந்தாலும் தெரியப்போவதில்லையே! எந்த எண்ணில் கோடு போடுவது என்று தெரியாததால் எண்ணையே பார்க்கமாட்டோம் என்பது, எந்த ஸ்பீடில் ஃபைன் போடுவது என்று முடிவாகவில்லை, அதனால் ரோட்டில் விளக்கே வேண்டாம் என்பது மாதிரி இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை. இதை யாரும் மறுக்க முடியாது. ஒரு நர்ஸ், வார்டு முழுக்கத் தாய்மார்கள், இரவு டியூட்டி. ஆறு தடவை குத்தச் சொன்னால் கோபம் வரும்தான். ஆனால் முதல் வைத்தியத்துக்கு நர்ஸே தேவையில்லை. பிள்ளையைத் துடைத்து, துணி இல்லாமல், தொப்பி மட்டும் போட்டு, தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைப்பது. தாய் இல்லாத நேரத்தில் ஆச்சி மார்பில், அப்பா மார்பில். கங்காரு முறை என்று இதற்குப் பெயர், 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. 1000 முதல் 1800 கிராமுக்குள் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியதில் ஒரு மாதத்துக்குள் நடக்கிற சாவு கால்வாசி குறைந்தது. சூடு இருந்தால் சர்க்கரை வீணாகாது, மார்பில் இருந்தால் பால் தேடும். ஒரு பைசா செலவில்லை. சேனை வைக்க நல்ல குணமுள்ளவரைத் தேடுகிற குடும்பத்திடம், பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொள்ள ஆள் கேட்டால் பத்துப் பேர் வருவார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. "வார்டுக்குள்ள அட்டெண்டர் கூட்டம் போடாதீங்க" என்று விரட்டத்தான் செய்தார்கள்.

கடற்கரை ஊர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. மணப்பாட்டிலோ வேம்பாரிலோ விளாத்திகுளம் பக்கமோ ஒரு பிள்ளை 1700 கிராமில் பிறந்தால், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். 108 வரவேண்டும், ஏற வேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போலப் பயணம். பால் கொடுத்தால் புரையேறும் என்ற பயத்தில் எதுவும் கொடுக்காமல், துண்டில் சுற்றி, தாயைப் பிரித்து, ஆச்சி மடியில். சாப்பாடும் இல்லை, சூடும் இல்லை. அமெரிக்காவில் நர்ஸ்களுக்குப் பச்சிளம் பிள்ளைகளை மாற்றி அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லித்தர 'ஸ்டேபிள்' என்று ஒரு பயிற்சி இருக்கிறது, 1996-லிருந்து. அந்தச் சொல்லின் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு வேலை. முதல் எழுத்துக்கு என்ன தெரியுமா? சுகர். மூச்சுக்குழாய்கூட அதற்குப் பிறகுதான் பட்டியலில் வருகிறது. இங்கே ரெஃபரல் சீட்டில் எடை இருக்கும், பிறந்த நேரம் இருக்கும், காரணம் என்று "எடை குறைவு" என்று இரண்டு வார்த்தை இருக்கும். கிளம்பும்போது சர்க்கரை எவ்வளவு, கடைசியாகப் பால் எப்போது என்ற இரண்டு வரி இருந்தால், அங்கே வாங்கிப் பார்க்கிற டாக்டருக்கு எவ்வளவு உதவி!

முத்துக் குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கண்ணயராமல் பிடிப்பான் என்று. 2 கிலோ 100 கிராம் பிள்ளையின் கயிறு மூன்று நாளைக்கு யார் கையில் என்பதற்கு வார்டில் பதில் இல்லை. டாக்டர் நர்ஸ் கையில் என்கிறார், நர்ஸ் தாய் கையில் என்கிறார், தாய் தியேட்டரில் இருக்கிறாள், ஆச்சி கையில் டம்ளர் இருக்கிறது.

புதுக் கட்டிடம், புது மெஷின், புதுத் திட்டம், அதற்கு ஒரு திறப்பு விழா என்று எதுவும் இங்கே தேவைப்படவில்லை. பிரசவ ரிஜிஸ்டரில் எடைக்குப் பக்கத்தில் ஆறு சின்னக் கட்டம், 2500-க்குக் கீழே எழுதினால் அந்த ஆறும் காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு உத்தரவு. முன்கூட்டிப் பிறந்த பிள்ளைக்கும், சர்க்கரை உள்ள தாயின் பிள்ளைக்கும் அதேதான் (அது நாலு கிலோ கொழுகொழுவென்று இருந்தாலும்). முதல் பால் எத்தனை மணிக்கு என்பதற்கு ஏழாவது கட்டம். சீக்கிரம் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டார் அந்தக் கட்டங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நர்ஸ் எடையைச் சொன்னதும் எல்லாரும் "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா, யாரு ஜாடை" என்று கேட்பார்கள். எண் 2500-க்குக் கீழே இருந்தால் கூடவே ஒருத்தர் கேட்கலாம்: "சுகர் பாத்தாச்சா சிஸ்டர்? எவ்ளோ இருக்கு?"